மாவா, எண்ணெயா, நேரமா? சுகரும் ரத்தக் கொழுப்பும் சேர்ந்து ஏறியவருக்கு எந்த வழி

இரண்டு மாதம் முன்பு ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. லேப் ரிப்போர்ட். பாதி வரிகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி. கீழே அவன் எழுதியிருந்தான்: "அக்கா, நான் கார்பைக் குறைக்கணுமா, எண்ணெயைக் குறைக்கணுமா, இல்ல ராத்திரி சாப்பாட்டையே விட்டுடணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ ஏதாவது ஒண்ணைச் சொல்லு, கேட்டுக்கிறேன்."

அவனுக்கு 41 வயது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 262. நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்டிஎல் 34. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் 118. மொத்தக் கொலஸ்ட்ரால் 204. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய் என்பது கணக்கு. ஆக, நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. மூன்று மாதம் சாப்பாட்டிலும் நடையிலும் பாருங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பியிருந்தார்.

நான் டாக்டர் இல்லை. செவிலியர் படிப்பில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவள். தம்பிக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் கேட்ட மூன்று வழிகளுமே வேலை செய்யும், மூன்றுமே பாதியில் நின்றும் போகும். எது யாருக்கு நிலைக்கும் என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. ரிப்போர்ட்டில் எந்த எண் கெட்டிருக்கிறது? நாளில் எந்த நேரத்தில் பசி உங்களை ஜெயிக்கிறது? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை ஏறக்குறைய யாருமே கேட்பதில்லை. பல டயட்டுகள் இரண்டாவது மாதத்திலேயே முடிந்துபோவது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நான்கு வரி, ஒரு கோளாறு

சர்க்கரை ஒரு பிரச்சினை, கொழுப்பு வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்த்துப் பழகிவிட்டோம். தம்பியின் ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. அந்த இடம் கல்லீரல்.

சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கல்லீரலுக்கு இரண்டு கட்டளை இடுகிறது. "நீ சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து" என்பது முதலாவது. "மிஞ்சி வருவதைக் கொழுப்பாக்கி வை" என்பது இரண்டாவது. இன்சுலின் எதிர்ப்பு வந்த கல்லீரலுக்கு முதல் கட்டளை காதில் விழுவதில்லை, இரண்டாவது மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதனால் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் 112 காட்டுவது அதனால்தான். சர்க்கரையை அடக்கக் கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினை அனுப்ப, கொழுப்புத் தயாரிப்பும் கூடவே ஏறுகிறது. போதாததற்கு வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் அங்கேதான் வந்து சேருகின்றன. கல்லீரல் இவ்வளவையும் பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. அதுதான் 262. அந்தப் பொட்டலங்கள் போகிற வழியில் எச்டிஎல் துகள்களோடு சரக்கைப் பரிமாறிக்கொள்கின்றன. கொழுப்பு ஏறிய எச்டிஎல் சீக்கிரம் சிதைந்து வெளியேறிவிடுகிறது. அதுதான் 34.

எல்டிஎல் 118 பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும். அதை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது 170. ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதில் அடங்கியிருக்கிறது. ட்ரைகிளிசரைடு ஏறிய ரிப்போர்ட்டில் எல்டிஎல்லை விட இந்தக் கழித்தல் கணக்கு நேர்மையானது. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதே இல்லை. 1972-இல் வந்த ஒரு சூத்திரப்படி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துக் கழித்து எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது.

பசி என்பது வெறும் மனசு அல்ல

1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன் அது. "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்லும் செய்தி. இதை ஊசியாகப் போட்டால் உடல் பருமன் தீர்ந்துவிடும் என்று உலகமே எதிர்பார்த்தது. ஆனால் பருமனானவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது. மூளைதான் அதைக் காதில் வாங்கவில்லை.

வகுப்பில் நான் ஒவ்வொரு வருடமும் தவறாமல் சொல்வது அதற்கடுத்த கதையை. கொழுப்புத் திசுவே ஏறக்குறைய இல்லாமல் இருக்கும் அபூர்வ நோய் ஒன்று உண்டு, லிப்போடிஸ்ட்ரோபி. ஆள் ஒல்லியாகத்தான் தெரிவார். ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காது, ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறும், கல்லீரல் கொழுப்பால் வீங்கும், பசி அடங்கவே அடங்காது. இப்படிப்பட்ட 9 பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. ட்ரைகிளிசரைடு 60 சதவீதம் இறங்கியது. எச்பிஏ1சி ஏறக்குறைய இரண்டு புள்ளி குறைந்தது. பசியைச் சொல்லும் ஹார்மோனும் ரத்தத்துக் கொழுப்பும் சர்க்கரையும் ஒரே கயிற்றில் கட்டியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

1999-இல் ஜப்பானில் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் கிரெலினைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றின் மேல்பகுதியில் சுரந்து "சாப்பிடு" என்று சொல்லும் ஹார்மோன். இது கடிகாரத்துக்குப் பழகுகிறது. வழக்கமாகச் சாப்பிடும் வேளைக்குச் சற்று முன்பு தானாக ஏறி, சாப்பிட்டதும் இறங்குகிறது. தினமும் ராத்திரி பதினொன்றுக்கு எதையாவது கொறித்துப் பழகியவருக்குப் பதினொன்றாகும்போது பசிப்பது நாக்கின் குற்றம் அல்ல.

மூன்றாவது, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1. இதோடு பிஒய்ஒய் என்ற இன்னொன்றும் சேர்ந்து வரும். இவற்றைச் சுரக்கும் செல்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும்தான் அதிகம். ஜிஎல்பி-1, சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்ற உணர்வைத் தரும். அதன் ஆயுள் இரண்டு நிமிடம்தான். மாவாக அரைத்த உணவும் இனிப்புப் பானமும் குடலின் முதல் பகுதியிலேயே சட்டென்று கரைந்து உறிஞ்சப்பட்டுவிடும். கீழே இருக்கும் செல்களுக்குச் செய்தி அதிகம் போய்ச் சேராது. புரதமும், முழுதாக இருக்கும் பயறும், நார்ச்சத்தும்தான் அதுவரை பயணம் போகும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

மாவுச்சத்தைக் குறைப்பது

தம்பியின் ரிப்போர்ட்டுக்கு மிக நேரடியாகப் பொருந்துவது இதுதான். கல்லீரலில் கொழுப்பாகும் மூலப்பொருளே குறைவதால் ட்ரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் குறையும். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவையும் மறுபாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவையும் ஒரு வருடம் பின்பற்றச் சொன்னது. எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை: 6.0 கிலோவும் 5.3 கிலோவும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் இரண்டும் பிரிந்தன. மாவைக் குறைத்தவர்களுக்கு ட்ரைகிளிசரைடு சராசரியாக 28 புள்ளி இறங்கியது, கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 10. எல்டிஎல் கதை தலைகீழ். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சற்று இறங்கியது, மாவைக் குறைத்தவர்களுக்குச் சற்று ஏறியது.

எந்த எண் கெட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பசி விஷயத்தில் இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு. புரதம் கூடும்போது கிரெலின் நன்றாக இறங்குகிறது. மாவை மிகவும் குறைத்து, கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை உடல் எரிக்கத் தொடங்கிவிட்டால், எடை குறையும்போது வழக்கமாக ஏறும் கிரெலின் அவ்வளவாக ஏறுவதில்லை. கீட்டோ டயட்டில் இருப்பவர்கள் "பசியே எடுக்கலை" என்று சொல்வது பொய் இல்லை.

இதில் இருக்கும் பள்ளம் எல்டிஎல். மாவுக்குப் பதில் எதைச் சாப்பிடுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி என்று போனால் எல்டிஎல் ஏறும். சிலருக்கு, குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு, திடுக்கிட வைக்கும் அளவுக்கு ஏறும். மாவுக்குப் பதில் கொட்டைப் பருப்புகள், மீன், விதைகள், திரவ எண்ணெய் என்று போனால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், லோ கார்ப். ரத்தத்தில் இரண்டும் வேறு வேறு. ஏற்கெனவே எல்டிஎல் 160, 180 என்று இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர்களுக்கும் இந்த வழியை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. இன்சுலினோ, சர்க்கரையை வலுவாக இறக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே டாக்டர் சொல்லாமல் போகக் கூடாது. சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் இருக்கிறது.

கொழுப்பைக் குறைப்பது

இதை இன்று யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கொழுப்பு குறைந்த உணவு தோற்றதாகச் சொல்லப்படும் இடங்கள் பலவற்றிலும் கொழுப்பு போன இடத்தில் சர்க்கரையும் வெள்ளை மாவும் வந்து உட்கார்ந்தன. அப்படி மாற்றினால் ட்ரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். தம்பி அப்படிச் செய்தால் அவன் ரிப்போர்ட் இன்னும் மோசமாகும்.

ஆனால் காய்கறி, பயறு, முழுத்தானியம், பழம் என்று தட்டை நிரப்பினால் விஷயம் வேறு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் கீட்டோ உணவு, இரண்டையும் வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். தாவர உணவின்போது அவர்களுடைய சர்க்கரையும் இன்சுலினும் அதிகமாக ஏறி இறங்கின. இன்சுலின் ஏறினால் பசி ஏறும் என்ற பிரபலமான வாதப்படி அவர்கள் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிட்டதோ நாளுக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவு. வயிறு நிறைவதற்குக் கன அளவும் ஒரு மொழிதான். தட்டு நிறையக் காய்கறி வயிற்றை விரிக்கும்போது அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது.

எல்டிஎல் மட்டும் ஏறி, ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் சரியாக இருப்பவர்களுக்கு நான் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன். ஓட்ஸ், பார்லி, பயறு, இசப்கோல் போன்றவற்றின் கரையும் நார்ச்சத்து எல்டிஎல்லைக் குறைக்கும். ஓட்ஸின் கரையும் நார் நாளுக்கு 3 கிராம் போனாலே பலன் தெரியும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி பயம் தொடங்குகிறது. 1000-ஐத் தாண்டினால் ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்றும் நொதியே திணறிப்போய், சாப்பிடும் எண்ணெய் நேராக ரத்தத்தில் தேங்கும். அந்த நிலையில் நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்ற பேச்சே கிடையாது. எல்லாக் கொழுப்பையும் கடுமையாகக் குறைக்க வேண்டும், மதுவைச் சுத்தமாக நிறுத்த வேண்டும். கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கொழுப்பை மாற்றுவது

மாவையும் பெரிதாகக் குறைக்காமல், எண்ணெயையும் குறைக்காமல், கொழுப்பின் வகையை மட்டும் மாற்றுவது மூன்றாவது வழி. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில் ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்த்த உணவு எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவாக வந்தன. 2013-இல் வந்த அந்தக் கட்டுரையில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டுபிடிக்கப்பட்டு, திரும்பப் பெற்று, 2018-இல் மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான். மற்ற வழிகளின் ஆய்வுகள் பெரும்பாலும் ரிப்போர்ட் எண்களோடு நின்றுவிடுகின்றன, இது மாரடைப்பு வரை பார்த்த ஆய்வு. பசியைப் பொறுத்தவரை இது மிதமான வழி. வேகமாக எதுவும் நடக்காது, ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட முடியும்.

நேரத்தைக் குறைப்பது

நாளின் எல்லாச் சாப்பாட்டையும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது. இதை நான் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். சீனாவில் 139 பேரை ஒரு வருடம் கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், கலோரியைக் குறைத்ததோடு நேரத்தையும் சுருக்கியவர்கள் 8 கிலோ இழந்தார்கள், கலோரியை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. கடிகாரத்துக்கென்று தனி மந்திரம் இல்லை.

ஆனாலும் ராத்திரிக் கொறிப்புதான் பிரச்சினை என்றால் இது எளிய வேலி. கலோரி எண்ண வேண்டாம், ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் சமையலறை மூடியாயிற்று, அவ்வளவுதான். கிரெலின் புது நேரத்துக்குப் பழகும்வரை முதல் சில நாள் பசி கத்தும், பிறகு தணியும். சுருக்குவதானால் ராத்திரிப் பக்கத்தைச் சுருக்குங்கள். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ராத்திரி பத்துக்குப் பெரிய சாப்பாடு சாப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருட்டிய பிறகு உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது.

வேகமாக இறக்குவது

பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரிக்குள் திரவ உணவு மட்டும். சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமல் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் இழந்தவர்களில் 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு வடிந்தால் சர்க்கரை நோய் பின்வாங்கும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆய்வு இது. சர்க்கரை நோய் உறுதியாகி, எடையும் கூடியிருப்பவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பு கிடைக்குமானால், இதைவிட நம்பிக்கை தரும் உணவு வழி இல்லை.

இரண்டாவது வருடம் அந்த 46 சதவீதம் 36 ஆனது. ஏன் என்று புரிந்துகொள்ள, 2011-இல் ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரனின் குழு வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். 50 பேர், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு, சராசரியாக 13.5 கிலோ இறங்கினார்கள். பிறகு ஒரு வருடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோதும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது, கிரெலின் ஏறியே இருந்தது, பசி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் இழந்த எடையை ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது. எடை திரும்ப ஏறியவரைப் பார்த்து "வாய்க்கட்டு இல்லை" என்று சொல்கிறவர்கள் ஒருமுறை இதைப் படிக்க வேண்டும். வேகமாக இறக்குகிறவர் ஏறவிடாமல் காக்கும் திட்டத்தையும் முதல் நாளே கையில் வைத்திருக்க வேண்டும்.

ஊசி

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளான செமாக்ளூடைட், டிர்செபடைட் பற்றித் தம்பியும் கேட்டான். இரண்டு நிமிடத்தில் மறையும் ஜிஎல்பி-1-ஐ ஒரு வாரம் நிற்கும்படி மாற்றி அமைத்தது செமாக்ளூடைட். 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் எடை சராசரியாக 14.9 சதவீதம் இறங்கியது. சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் எல்லாம் கூடவே இறங்கின. பசியை நேரடியாகத் தொடும் மருந்து என்பதால்தான் இவ்வளவு வலு. நிறுத்தி ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆகவே இது நீண்டகால மருந்து என்று எண்ணித் தொடங்க வேண்டியது. உடல் பருமன் அதிகமாக உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களுக்கும் தயங்காமல் டாக்டரிடம் கேட்கச் சொல்வேன். எச்பிஏ1சி 6.1-இல் நிற்கும் தம்பிக்கு இது முதல் படி இல்லை.

அவன் எழுதிய நாலு நாள்

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்துவிட்டு, "நாலு நாள், சாப்பிட்டதை எழுதாதே, பசித்த நேரத்தை மட்டும் எழுது. எவ்வளவு பசி என்று ஐந்துக்கு மார்க் போடு" என்றேன். சாப்பிட்டதையும் சேர்த்தே எழுதி அனுப்பினான். ஒரு நாளை அப்படியே தருகிறேன்.

"காலை 8.15, ஜூஸ் ஒரு பெரிய தம்ளர், வெள்ளை ரொட்டி மூணு, ஜாம். 10.40, பசி 4, கை லேசா நடுங்குது, டீ சர்க்கரையோட, பிஸ்கட். மதியம் 1.30, சாப்பாடு, பசி 3. சாயங்காலம் பசி இல்ல. ராத்திரி 9, சாப்பாடு. 11.20, பசி 5, சிப்ஸ் ஒரு பாக்கெட். தூங்கினது 1.15."

கேள்விக்கு அவனே பதில் எழுதிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. 10.40-க்கு வந்த பசி 8.15-இன் வேலை. பழச்சாறு ஆரோக்கியம் என்று நம்பிக் குடிக்கிறான். பழத்தின் நார் பெரும்பாலும் போய், சர்க்கரை திரவமாக உள்ளே போகிறது. அதில் ஒரு பங்கு ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. ஃப்ரக்டோஸ் இன்சுலினையும் லெப்டினையும் போதுமான அளவு தூண்டுவதில்லை, கிரெலினைச் சரியாக அடக்குவதுமில்லை. அதிகமாகக் குடித்தால் கல்லீரலுக்குப் போய், அங்கே கொழுப்புத் தயாரிப்பைத் தூண்டுகிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இனிப்புப் பானத்தை நிறுத்துவது அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. மது குடிப்பவர்களுக்கு மதுவும் அப்படியே. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் இரண்டும் சளைத்தவை அல்ல.

11.20-க்கு வந்த பசி தூக்கக் குறைவின் வேலை. 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்த 2004 ஆய்வில் லெப்டின் 18 சதவீதம் இறங்கி, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. பாக்கெட் தீனிக்குத் தனிக் கணக்கு உண்டு. கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அதீதமாகப் பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு வாரமும் ஆட்கள் நாளுக்கு சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் அதிகம் பதப்படுத்தாத உணவுக்குச் சமமாகவே இருந்தன.

ஆக, அவனுக்கு நான் சொன்னது மாவை மிதமாகக் குறைப்பதும் கொழுப்பின் வகையை மாற்றுவதும் சேர்ந்த வழி. கீட்டோ வேண்டாம். காலையில் ஜூஸும் ஜாமும் போய், முட்டையும் கெட்டித் தயிரும் ஒரு முழுப் பழமும். மதியம் தட்டில் மாவுப்பண்டம் இருந்த இடத்தில் பாதி போய்ப் பயறும் காயும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுப்பண்டத்தைக் கடைசியில் சாப்பிடச் சொன்னேன். அதே உணவை வரிசை மாற்றிச் சாப்பிட்டாலே பின்னால் ஏறும் சர்க்கரை நன்றாகக் குறையும். ராத்திரி எட்டுக்குள் சாப்பாடு, பிறகு கால் மணி நேரம் நடை, பதினொன்றுக்குப் படுக்கை. அவன் எடையில் 7 சதவீதம் இறக்கினால் போதும் என்றேன். அந்த இலக்கோடு வாரத்துக்கு 150 நிமிட நடையும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவனைப் போல வாசலில் நின்றவர்களில் சர்க்கரை நோய்க்குள் போனவர்களின் எண்ணிக்கை 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்.

முதல் வாரம் திட்டினான். ராத்திரி பதினொன்றுக்கு மெசேஜ் வரும்: "அக்கா, பசிக்குது." பத்தாவது நாள் மெசேஜ் நின்றது.

ஆறு வாரத்தில் கொழுப்பு மட்டும் பார்த்தோம். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் நான்கு மாதம் என்பதால் எச்பிஏ1சி-யை மூன்று மாதத்துக்கு முன் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ட்ரைகிளிசரைடு 262-இலிருந்து 171. எச்டிஎல் 36. சந்தோஷத்தோடு போன் செய்தவன் கடைசியாக எல்டிஎல் வரியைப் படித்தான்: 131. போன தடவையை விடப் பதின்மூன்று கூடுதல்.

"மாவுக்குப் பதிலா என்னடா சாப்பிடறே?" என்றேன். ராத்திரிப் பசிக்குச் சிப்ஸுக்குப் பதில் சீஸ் துண்டுகள் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான், லோ கார்ப் ஆயிற்றே என்று. முட்டையையும் வெண்ணெயில்தான் பொரிக்கிறானாம். இரண்டையும் மாற்றச் சொன்னேன். பசித்தால் ஒரு கைப்பிடி பாதாம் அல்லது வேர்க்கடலை, வாணலிக்குத் திரவ எண்ணெய், காலையில் முட்டையோடு ஓட்ஸ் அரைக் கிண்ணம். அடுத்த ரத்தப் பரிசோதனை இன்னும் ஐந்து வாரத்தில். அதில் எச்பிஏ1சி-யும் சேர்த்துப் பார்க்கிறோம். எல்டிஎல் இறங்காவிட்டால் அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறான், நானும் கூடப் போகிறேன்.